‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’: ஒரே நான்கு எழுத்து ஏன் இத்தனை விதமாக ஒலிக்கிறது?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்தும் இந்த வரிசையிலேயே சேர்ந்து வரும் சொற்கள் எதிர்ப்பட்டால் போதும், திணறிவிடுகிறாளாம். ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு, அதே தைரியத்தில் அடுத்ததையும் அப்படியே சொல்லி மாட்டிக்கொள்கிறாள். இதற்கு விதி ஏதாவது உண்டா, இப்படி மொத்தம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பது கேள்வி. கடைசி வரியில் ஒரு வருத்தமும் இருக்கிறது: கலப்பைக்கு அவள் பி, எல், ஓ, டபிள்யூ என்று எழுதியதற்காக அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்களாம். அது நியாயமா என்று கேட்கிறார்.

விதியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த வரிகளுக்கு அடியில், ‘என் பிள்ளையிடம்தான் குறையா?’ என்ற பயம் தெரிகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. ஒரு சொல்லில் கற்ற ஒலியை அடுத்த சொல்லிலும் போட்டுப் பார்க்கிறாள் என்றால் அவள் ஒழுங்காக யோசிக்கிறாள் என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆங்கிலம்தான் ஒழுங்காக இல்லை. பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 31 ஆண்டுகள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த நான்கு எழுத்தில் தடுக்கி விழாத பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நானே விழுந்திருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணிக்கையில் தொடங்கலாம். இன்றைய வழக்கில் இந்த நான்கெழுத்துக்கு ஒன்பது ஒலிகள் இருக்கின்றன. ‘ஆனாலும்’ என்று பொருள்படும் ‘தோ’வில் அது ஓ. ‘ஊடாக’ என்ற ‘த்ரூ’வில் ஊ. மரக்கிளையைக் குறிக்கும் ‘பௌ’விலும் கலப்பையான ‘ப்ளௌ’விலும் ஔ. இருமலாகிய ‘காஃப்’பில் ஆஃப். சொரசொரப்பு என்னும் ‘ரஃப்’பிலும் கடினம் என்னும் ‘டஃப்’பிலும் அஃப். எண்ணம் என்ற ‘தாட்’டில் வெறும் ஆ. ‘முழுமையான’ என்று பொருள் தரும் ‘தரா’வில், பிரிட்டன்காரர் வாயில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறுகிய ஓர் அ; அமெரிக்கர் அதையே ‘தரோ’ என்பார். விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’பில் அப். ஏரிக்கு அயர்லாந்தில் வழங்கும் ‘லாக்’கில் ஆக். சொற்கள் எத்தனை என்றால், ஊர்ப் பெயர்களையும் கிளைச் சொற்களையும் விட்டுவிட்டு, ஒரு பள்ளிப் பிள்ளை எதிர்கொள்ளக் கூடியவற்றை நேற்று இரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முப்பதைத் தொடவில்லை. முப்பதுக்கும் குறைவான சொற்களில் ஒன்பது ஒலி! பயமுறுத்தும் கணக்குத்தான். ஆனால் அந்த ஒன்பதில் மூன்று ஒலிகளுக்குத் தலைக்கு ஒரு சொல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பயம் பாதியாகக் குறையும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து பாடம் வாசித்தான். தாத்தாவுக்கு ஒரு வாரமாகக் கடுமையான இருமல் என்பது வரி. முந்தின நாள்தான் மரக்கிளைக்கு ‘பௌ’ என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். பையன் அதை நன்றாக மனதில் வாங்கியிருந்தான். முதல் எழுத்தை மட்டும் மாற்றி, உரத்த குரலில் ‘கௌ’ என்றான். தாத்தாவுக்கு ஒரு வாரமாகக் கடுமையான பசு! வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. சிரிக்காத ஒரே ஆள் அந்தப் பையன்தான். ‘நேற்று நீங்கள் சொன்னபடிதானே சார் படித்தேன்’ என்றான். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம்தான் நூலகத்தில் உட்கார்ந்து இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன்.

பூர்வீகம் இதுதான். இந்த ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் உண்மையான ஓர் ஒலியைக் குறித்தன. தொண்டைக்குழியை உரசிக்கொண்டு வரும் காற்றொலி அது. காறுவதற்கு முன்னால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஜெர்மன் மொழியில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ஆங்கிலேயர் இரவை ‘நைட்’ என்கிறார், ஜெர்மானியர் ‘நாஹ்ட்’ என்கிறார். ஆங்கிலத்தில் மகள் ‘டாட்டர்’, ஜெர்மனில் ‘தொஹ்டர்’. இரண்டு ஆங்கிலச் சொல்லிலும் நடுவில் ஒரு ஜி-எச் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறதே, ஜெர்மானியர் தொண்டையில் உரசுவது அதே இடத்தில்தான். பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலியை எச் என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் பழகிய எழுத்தர்கள் ஏடு எழுத வந்தார்கள். அவர்கள் கைக்குப் பழக்கமான ஓ-யூ கூட்டணி ஊகாரத்துக்கு வந்தது; தொண்டை ஒலிக்கு ஜி-எச் நிலைத்தது. அந்தக் காலத்தில் கடினம் என்பதை எழுதியவர் எழுதியபடிதான் பேசினார். எழுத்தும் ஒலியும் அன்று பொருந்தியே இருந்தன.

அப்புறம்தான் வினை வந்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. அதே காலத்தில் பேச்சு, யாருக்கும் கட்டுப்படாமல் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. அதே நூற்றாண்டுகளில் தொண்டை ஒலியும் தென் இங்கிலாந்தில் மறைந்துகொண்டு வந்தது. எழுத்து மட்டும் அச்சுக்கட்டையில் அப்படியே நின்றுவிட்டது. நாம் இன்று படிப்பது அந்தப் பழைய வாய்க்காக எழுதிய எழுத்து. உச்சரிப்பதோ இந்தக் காலத்து வாய்.

இதைத் திருநெல்வேலிக்காரருக்கு விளக்குவது எளிது. நாம் ‘மழை’ என்று எழுதுகிறோம். வாய் என்ன சொல்கிறது? ‘மளை’. வாழைப்பழம் நம் தெருவில் ‘வாளப்பளம்’. எழுத்தில் ழகரத்தை ஒருவரும் விடுவதில்லை. விட்டால் தமிழாசிரியர் காதைத் திருகுவார். பேச்சில் பல வீடுகளில் அது போயே போய்விட்டது. நம் ஊர்ப் பிள்ளை ஒன்று ‘மழை’ என்ற சொல்லைப் பார்த்து ‘இந்த எழுத்தை ஏன் போடுகிறோம்?’ என்று கேட்டால், முன்னோர் அப்படி உச்சரித்தார்கள், இன்னும் சில ஊர்களில் உச்சரிக்கிறார்கள் என்போம். ஜி-எச் கதையும் அதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நம் வட்டாரத்தில் ழகரம் போன இடத்தில் ளகரமே வந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் தொண்டை ஒலி போன இடத்தில் ஒரு சொல்லில் ஒன்றும் வரவில்லை, இன்னொரு சொல்லில் ஃப் வந்தது.

இன்னொன்றும் நமக்குப் பழக்கமானதே. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் என்ன செய்கிறோம்? அந்த மொழியில் அதற்கு எழுத்து கிடையாது. எனவே இசட்டுக்குப் பின்னால் ஓர் எச் சேர்த்து ஒப்பேற்றுகிறோம். ஆழ்வார்குறிச்சியை அப்படி எழுதுபவர் உண்டு, எல் போட்டு எழுதுபவரும் உண்டு. கைவசம் இருக்கும் எழுத்தோடு எச் என்ற கைத்தடியைக் கொடுத்து, இல்லாத ஒலிக்கு வழி பண்ணுவது ரோமன் எழுத்தில் காலங்காலமாக நடக்கும் வேலை. ஜியோடு எச் சேர்ந்ததும் இப்படித்தான்.

க என்ற எழுத்தையும் நாம் பல விதமாகத்தானே ஒலிக்கிறோம் என்று சிலர் கேட்கலாம். கடலில் ஒன்று, தங்கத்தில் ஒன்று, அகலில் ஒன்று. உண்மைதான். ஆனால் அதற்கு இடம் பார்த்து வரும் ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் இப்படி, மெல்லெழுத்துக்குப் பின் இப்படி, இரண்டு உயிருக்கு நடுவில் இப்படி. புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கிக் கொடுத்தாலும் தமிழ்ப் பிள்ளை சரியாகப் படித்துவிடும். ஓ-யூ-ஜி-எச் அப்படி இல்லை. புதுச் சொல் ஒன்றில் இந்த நான்கையும் போட்டு லண்டனில் பிறந்தவரிடம் கொடுங்கள், அவரும் விழிப்பார்.

இனி ஃப் எங்கிருந்து வந்தது? இதில் உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வாயின் அமைப்பால் இது நடக்கக் கூடியது என்பது உறுதி. நீங்களே செய்து பார்க்கலாம். ‘ஊ’ என்று உதட்டைக் குவியுங்கள். குவித்த உதட்டைக் கலைக்காமல் தொண்டையிலிருந்து காற்றை அழுத்தித் தள்ளுங்கள். காற்று உதட்டில் பட்டு ஃப் போல ஒன்று கேட்கும். கேட்பவர் காதில் தொண்டை ஒலியும் உதட்டொலியும் குழம்பிப் போக இது போதும். இந்த மாற்றம் எல்லா வட்டாரத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதும் உறுதி. மாவைக் குறிக்கும் ‘டோ’ என்ற சொல்லே சில வட்டாரங்களில் ‘டஃப்’ என்று ஆகி, இன்றும் ஒரு வகைக் களிப் பண்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே எழுத்தும் டி, யூ, எஃப், எஃப் என்று மாறிவிட்டது. லண்டனுக்குப் பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பொது வழக்கு ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வோர் ஊர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் ‘ரஃப்’ ஏன் ஃப் பக்கம் சாய்ந்தது, ‘பௌ’ ஏன் சாயவில்லை என்று சொல்லுக்குச் சொல் காரணம் கேட்டால், அறிஞர்களிடையே முடிந்த முடிபு இல்லை. பழைய வேற்றுமை வடிவங்களில் தொண்டை ஒலி முன்பே வகரமாக இளகிவிட்ட சொற்கள் ஃப் ஆகவில்லை என்பது ஒரு விளக்கம். ‘போதும்’ என்ற ‘இனஃப்’புக்கு ‘இனௌ’ என்ற பழைய இரட்டை இருந்தது அதற்கு ஆதரவு. எல்லாச் சொல்லுக்கும் அது பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை. விதி இது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

நடுவில் ஒரு வேடிக்கை. நம் ஆய்த எழுத்தைப் பாருங்கள். ‘அஃது’ என்று படிக்கும்போது அது தொண்டைப் பக்கம் நிற்கிறது. அதே ஆய்தத்தைப் பகரத்துக்கு முன் போட்டு ‘ஃபேன்’ என்று எழுதினால் உதட்டுக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ஜி-எச் பயணமும் தொண்டையிலிருந்து உதட்டுக்குத்தான். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் கிடையாது. நம்முடையது எழுத்தில் நாமே செய்துகொண்ட ஏற்பாடு, அவர்களுடையது வாயில் தானாக நடந்தது. ஆனாலும் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இந்தக் கூட்டத்தில் மிக நல்ல பிள்ளைகள், பின்னால் டி என்ற எழுத்தைக் கூட்டிக்கொண்டு வருபவை. வாங்கினான் என்ற ‘பாட்’, கொண்டுவந்தான் என்ற ‘ப்ராட்’, நினைத்தான் என்ற ‘தாட்’, தேடினான் என்ற ‘சாட்’, சண்டையிட்டான் என்ற ‘ஃபாட்’. இவற்றில் பெரும்பாலானவை இறந்தகால வினைகள் என்பதைக் கவனியுங்கள். வினையின் கடைசி மெய் இறந்தகாலத் தகரத்தை முட்டும்போது உருமாறித் தொண்டை ஒலியாயிற்று. நம்மிடம் கேள் என்பது கேட்டான் ஆகவில்லையா, கல் என்பது கற்றான் ஆகவில்லையா, அதே சங்கதி. ‘ஃபாட்’ மட்டும் வேறு வழியாக வந்து இந்த வரிசையில் நின்றுகொண்டது. வீட்டு வாசல் கதவுக்கு ‘ராட் அயன்’ என்று பட்டறையில் சொல்கிறார்களே, அந்த ‘ராட்’டும் இந்தக் குடும்பம்தான், ‘வேலை செய்’ என்ற ‘வொர்க்’கின் பழைய இறந்தகாலம் அது. பட்டறையில் அடித்துச் செய்த இரும்பு என்று பொருள். ‘செய்ய வேண்டும்’ என்று கடமையைச் சொல்லும் ‘ஆட்’ என்பது, கடன்பட்டிருப்பதைச் சொல்லும் ‘ஓ’ என்ற வினையின் இறந்தகாலமாக இருந்தது. தமிழில் கடன் என்ற ஒரே சொல் வாங்கின பணத்துக்கும் ஆற்ற வேண்டிய கடமைக்கும் ஆகிவருவதை நினைத்துக்கொண்டால் இது இன்னும் ருசிக்கும்.

இந்த டி குடும்பத்தில் ஒரே ஒரு துரோகி, வறட்சியைக் குறிக்கும் சொல். அது ‘ட்ராட்’ இல்லை, ‘ட்ரௌட்’. நான் விழுந்த இடம் இதுதான். நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு வகுப்பிலும் ‘ட்ராட்’ என்றே கற்பித்தேன். எல்லாச் சொல்லும் ஆகாரம் என்றால் இதுவும் ஆகாரம்தானே என்ற நினைப்பு. உங்கள் மகள் செய்யும் அதே தப்பு. ஒரு நாள் இரவு வானொலியில் டெல்லியிலிருந்து ஆங்கிலச் செய்தி. வாசித்த அம்மையார் மூன்று முறை ‘ட்ரௌட்’ என்றார். முதல் முறை, அவர் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் முறை எழுந்துபோய் அகராதியைப் பிரித்தேன். மறுநாள் வகுப்பில் போய்த் திருத்தினேன். முந்தைய மூன்று ஆண்டுப் பிள்ளைகளை எங்கே போய்த் தேடுவது? அவர்களில் சிலர் இன்று எங்கேயோ ‘ட்ராட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாவம் என்னுடையது.

‘த்ரூ’வும் ‘தரா’வும் உங்கள் மகளைக் குழப்புகின்றன என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டும் பூர்வத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் இரண்டு அசையாக நீண்டு ‘தரா’ ஆனது. ஊடாக முழுவதும் போய் வந்தது எதுவோ அது முழுமையானது என்று பொருள் விரிந்தது. பெயரன் என்பது பேரன் ஆகி, பிறகு பெயர் தனி, பேரன் தனி என்று நாம் புழங்குவது போல.

எல்லா ஜி-எச்சும் பழைய பரம்பரையில் வந்ததும் இல்லை. போலி உறுப்பினர்களும் உண்டு. விக்கலுக்குப் பழைய எழுத்து உச்சரிப்பை ஒட்டி யூ, பி என்றே முடிந்தது. விக்கலும் இருமல் வகைதானே என்று யாரோ எண்ணி, ‘காஃப்’பின் வாலை வெட்டி இதில் ஒட்டிவிட்டார்கள். எழுத்து மாறியது, ஒலி மாறவில்லை. இன்று இரண்டு எழுத்தும் அகராதியில் உண்டு. பழைய எழுத்தே நல்லது, பிள்ளை அதையே எழுதட்டும். மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ இந்த நான்கெழுத்தில் சேராது என்றாலும் அதே மோசடிதான். பிரெஞ்சிலிருந்து ஜி-எச் இல்லாமல் வந்த சொல் அது. வெளிச்சமாகிய ‘லைட்’டைப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று மாட்டிக்கொண்டது. இராணுவ விடுப்பைக் குறிக்கும் ‘ஃபர்லோ’ டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் கடைசி எழுத்து எஃப். மிஷனரிகள் தாய்நாட்டுக்கு விடுப்பில் போவதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். பாளையங்கோட்டையில் பழைய தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரியவர்கள் ‘துரை ஃபர்லோவில் போயிருக்கிறார்’ என்று பேசியதை நான் சிறு வயதில் கேட்டிருக்கிறேன்.

மிஷனரி என்றதும் ‘லாக்’ நினைவுக்கு வருகிறது. ஏரிக்கு ஸ்காட்லாந்தில் வழங்கும் சொல்லும் அயர்லாந்தில் வழங்கும் சொல்லும் ஒன்றே. ஸ்காட்லாந்துக்காரர் சி-எச் என்று முடிப்பார், அயர்லாந்தில் ஓ-யூ-ஜி-எச். அந்த ஊர்க்காரர் சொல்லும்போது கடைசியில் பழைய தொண்டை ஒலி இன்றும் கேட்கும். மற்றவர் க் என்று முடித்துக்கொள்வார். நம் இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கோட்டத்தில் 1814-இல் பிறந்தவர். வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். ஆன்ட்ரிமின் விளிம்பில்தான் லாக் நே என்ற பெரிய ஏரி இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அந்த மனிதர், லண்டன் தொலைத்துவிட்ட இந்த ஒலியைச் சின்ன வயதிலேயே காதால் கேட்டிருப்பார். தேரிக் காட்டுச் செம்மண்ணில் வந்து உட்கார்ந்து, நம் வாயில் ழகரம் படும் பாட்டையும் கேட்டிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இத்தனை குழப்பத்தையும் திருத்திவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் மகள் கேட்பாள். முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். ‘தோ’வும் ‘த்ரூ’வும் ஜி-எச் உதிர்ந்த கோலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தன. பத்திரிகைகள் கேலி செய்தன, மக்களவை எதிர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பின்வாங்கினார். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934-இல் தானாகவே இப்படிச் சில சொற்களைச் சுருக்கி அச்சிடத் தொடங்கியது. 1975-இல் ‘தோ’, ‘த்ரூ’ இரண்டையும் பழைய எழுத்துக்கே திருப்பிக்கொண்டது. நாம் எழுத்துச் சீர்திருத்தத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். 1935-இல் பெரியார் தம் இதழில் கைக்கொண்ட வடிவங்களில் ஒரு பகுதியை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. யானைத் தும்பிக்கை போல் கொம்பு போட்டு ‘லை’ எழுதிப் பழகிய என் கை, ஆசிரியரான பிறகு மாறிக்கொண்டது. ஆனால் அது எழுத்தின் உருவத்தை மாற்றியதே தவிரச் சொல்லின் எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை, அதனால் நடந்தது. ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தில் கைவைத்தபோது நமக்கும் அவர்கள் கதிதான். 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்குப் புது ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? விதியாக மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். கும்பல் கும்பலாகப் பிரித்துக் காதுக்குக் கொடுங்கள். டி என்று முடியும் ஆகாரக் குடும்பத்தை முதலில் எடுங்கள். சொற்கள் அதிகம், ஒலி ஒன்று, பிள்ளைக்கு வெற்றி கிடைத்த மாதிரி இருக்கும். வறட்சியை மட்டும் கடைசியில் தனியாகச் சொல்லுங்கள். மறுநாள் அஃப் கும்பல்: ரஃப், டஃப், இனஃப். அதனோடு ஆஃப் என்று வரும் இருமலும் மாட்டுத் தொட்டியான ‘ட்ராஃப்’பும். அதற்கடுத்து ஓகாரம்: தோ, ஆல்தோ, டோ. இந்த ‘டோ’வுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டாம், செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடைகளில் பரோட்டாவுக்குப் பிசைந்து எண்ணெய் தடவி உருட்டி வைத்திருக்கும் மாவு உருண்டைகளைக் காட்டி, ‘இதுதான்’ என்றால் முடிந்தது. பிசான நடவுக்கு உழும்போது கலப்பையைக் காட்டலாம் என்றால் இப்போது எங்கும் டிராக்டர்தான்; இருந்தாலும் ‘ப்ளௌ’வும் ‘பௌ’வும் வறட்சியும் ஔ என்று ஒன்றாகச் சொல்லிக் கொடுங்கள். ‘த்ரூ’ ஒற்றையாள். ‘தரா’வும், நகராட்சிப் பிரிவைக் குறிக்கும் ‘பரா’வும் இரட்டையர். ஒரு நாளைக்கு ஒரு கும்பல் போதும், ஒரே நாளில் இரண்டைக் கலக்காதீர்கள். கலந்தால் தாத்தாவுக்குப் பசு வந்துவிடும். கைபேசியில் உள்ள அகராதியில் ஒலிக்குறியைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். எனக்கு அந்தக் காலத்தில் இல்லாத வசதி. ‘தரா’, ‘பரா’ இரண்டிலும் அமெரிக்க உச்சரிப்பு ஓகாரமாகக் கேட்டால் பதற வேண்டாம், இரண்டும் சரியே.

‘ஸ்லௌ’ என்று ஒரு சொல் இருக்கிறது. லண்டனுக்கு அருகே ஓர் ஊரின் பெயர். சேற்றுக் குழிக்கும் பிரிட்டனில் அதே உச்சரிப்பு, அமெரிக்காவில் ‘ஸ்லூ’. பாம்பு சட்டை உரிப்பதைச் சொன்னால் அதே எழுத்துக்கு ‘ஸ்லஃப்’. ஏழாம் வகுப்புப் பிள்ளையை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அந்த அரை மதிப்பெண் விஷயம். டபிள்யூ போட்டு முடியும் கலப்பை, பிழை இல்லை. அமெரிக்காவில் அதுதான் சரியான எழுத்து. இங்கிலாந்திலேயே முற்காலத்தில் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். நம் பாடநூல்கள் பிரிட்டன் எழுத்தைப் பின்பற்றுகின்றன, ஆகவே தேர்வில் அதையே எழுதுவது பாதுகாப்பு என்று மகளிடம் சொல்லுங்கள். ஆசிரியரிடம் போய்ச் சண்டை வேண்டாம். ஐம்பது விடைத்தாளை இரவு பதினொரு மணிக்குத் திருத்துகிறவரின் நிலைமை எனக்குத் தெரியும். நானாக இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடாமல், பக்கத்தில் மற்ற வடிவத்தையும் எழுதிவிட்டு மதிப்பெண்ணைக் கொடுத்திருப்பேன்.